முதல் வெட்டு நைட்டி

கோர்ட்டுக் கமிஷனர் வந்த அன்று அவரை நான் அடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தளவாய்புரத்தில் இன்றைக்கும் நான் கமிஷனரை அடித்ததாகத்தான் பேச்சு. அவர் கோர்ட்டு அனுப்பி வந்த ஓர் இளம் வக்கீல். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அம்மா, செத்த ஒத்துழைங்க, என் வேலையச் செய்ய விடுங்க" என்று வாசலில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் அடித்தது அவருக்குப் பின்னால் வந்த ஆளை. இஸ்திரிப் பெட்டியால் அடித்தேன். அது சூடாகத்தான் இருந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் வீட்டு மாடியில் நைட்டி யூனிட் நடத்துகிறோம். எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு மாடியிலிருந்து தையல் மெஷின் சத்தம் வரும். துணி வெட்டுவது அவர். மாடல் போடுவது, தைக்கிற பெண்களை மேய்ப்பது, கடைக்காரர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நான். சண்டை எனக்கு நன்றாக வரும். அவருக்கு வராது. பெண் பார்க்க வந்த அன்றே இரண்டு வீட்டாருக்கும் இது தெரிந்துவிட்டது.

அன்று காலை வீட்டு முன்னால் ஒரு லோடு வேன் வந்து நின்றது. கமிஷனரோடு இரண்டு போலீஸ், அதில் ஒரு பெண். வேனிலிருந்து தடித்தடியாக மூன்று நான்கு ஆட்கள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவன் என் சித்தப்பா மகன். எனக்குத் தம்பி முறை. ராஜபாளையத்தில் எங்களைப்போல் நான்கு மடங்கு பெரிய யூனிட் வைத்திருக்கிறான். அவன் மேலே வரவில்லை. வேன் மேல் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கமிஷனர் உத்தரவை வாசித்தார். குழந்தைக்குப் பால் கொடுக்கிற மடிப்பு நைட்டி என்று நாங்கள் தைக்கும் மாடல், என் தம்பியின் பெயரில் டிசைனாகப் பதிவாகியிருக்கிறதாம். அதை நாங்கள் திருடித் தைக்கிறோமாம். மேலும் தைக்கக் கூடாது, தைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு, எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே சொல்லியிருந்தது. எனக்கு முதலில் விளங்கவே இல்லை. என் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி தூக்கிக்கொண்டு போய், அதைத் திருடியது நான் என்று கேஸ் போட்டதுபோல் இருந்தது.

விளங்கி நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஆட்கள் மாடி ஏறிவிட்டார்கள். மடித்து வைத்திருந்த நைட்டிகளை வாரிச் சாக்கில் திணித்தார்கள். தைத்துக்கொண்டிருந்த பெண்களின் கையிலிருந்து துணியை உருவினார்கள். ஒருத்திக்கு ஊசி விரலில் ஏறி அவள் அலறினாள். என் வீட்டுக்காரர் கட்டிங் மேஜையில் துணி அடுக்கை வெட்டிக்கொண்டிருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கத்தியை நிறுத்துவதற்குள் ஒருவன் அடுக்கின் மறுமுனையைப் பிடித்து இழுத்தான். துணி சுருண்டு வர, அதை அழுத்திப் பிடித்திருந்த அவருடைய இடது கையும் கூடவே கத்திக்குள் போனது.

அவர் கத்தவில்லை. "ஐயையோ, துணி" என்றுதான் சொன்னார். மஞ்சள் துணி அடுக்கு முழுக்க ரத்தம். மோதிர விரலின் நுனி மேஜை மேல் தனியாகக் கிடந்தது. இழுத்தவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். பயத்தில் வந்த இளிப்பாகக்கூட இருக்கலாம். அதை ஆராய்ச்சி பண்ண எனக்கு நேரமில்லை. கைக்கு வந்த இஸ்திரிப் பெட்டியை அவன் முழங்கைக்குக் கீழே வைத்து அழுத்தினேன். பிறகு அதாலேயே தோளில் ஓர் அடி. அவன் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதாம்.

"ஏட்டி, கீழ போடுட்டி அத!" என்று பெண் போலீஸ் என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். ஓவர்லாக் மெஷின் விளிம்பில் என் நெற்றி போய் மோதியது. கண்ணில் ரத்தம் இறங்கியதில் எனக்கு எல்லாமே சிவப்பாகத் தெரிந்தது. அப்போதுதான் என் தம்பி மேலே வந்தான். என் வீட்டுக்காரர் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். பிறகு கமிஷனரிடம் சொன்னான்:

"ரத்தம் பட்டதையும் சேத்து எண்ணிக்கோங்க சார். அதுவும் நம்ம மாடல்தான்."

ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் என் நெற்றிக்குத் தையல் போட்டார்கள். அவருடைய விரல் நுனியை ஒட்டவைக்க முடியவில்லை. அந்த ஆளுக்குச் சூடு வைத்ததற்கு என் மேல் வழக்குப் பதிந்தார்கள். விரல் போன மனிதருக்கு, வேலை செய்யும்போது நேர்ந்த விபத்து என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த நைட்டி எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் என் ஆத்திரம் புரியும். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் ஜிப் வைத்த நைட்டிதான் போடுவேன். ஒரு நாள் பால் குடிக்கும்போது அவள் தலையைத் திருப்ப, ஜிப்பின் பல் உதட்டைக் கிழித்துவிட்டது. பால் வழிகிற வாயில் ரத்தமும் வழிந்தது. அன்றைக்கு அந்த நைட்டியைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அதன்பிறகு ஜிப்பும் பட்டனும் இல்லாமல் எப்படித் திறப்பது என்பதே எனக்கு யோசனை. வருஷக்கணக்கில் துணியை மடித்தும் பிரித்தும் பார்த்தேன். கடைசியில் நெஞ்சின் குறுக்கே சாய்வாக மடிப்புகள் வைத்து, ஒரு மடிப்பின் உள்பக்கத்தை மட்டும் தைக்காமல் விட்டேன். விரலால் தூக்கினால் திறக்கும், விட்டால் தானாக விழுந்து மூடும். பஸ்ஸில் உட்கார்ந்து பால் கொடுத்தாலும் பக்கத்து ஆளுக்குத் தெரியாது. வெளியே பார்த்தால் வெறும் அலங்கார மடிப்புத்தான்.

எங்கள் குடும்பத்தில் நைட்டி தைக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது மாடல் போட்டால் முதல் வெட்டில் தைத்ததை விற்கக் கூடாது. உறவில் பிள்ளை பெற்றவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் உடுத்தி, வாய் நிறைய நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் கடைக்குப் போகும். கொடுக்காமல் விற்ற மாடல் கடையிலேயே தங்கி மக்கிப்போகும் என்று என் அம்மா அடித்துச் சொல்வாள். நானும் நம்பினேன். இப்போதும் பாதி நம்பிக்கை இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பிக்கு மகன் பிறந்து தொட்டில் போட்டார்கள். ராஜபாளையத்தில் அவன் வீட்டு மாடியில் பந்தல். வன்னியம்பட்டியிலிருந்தும் சுந்தரபாண்டியத்திலிருந்தும் உறவுக்காரப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். என் முதல் வெட்டு முழுவதையும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு போனேன். நீலப் பூப்போட்ட துணி. ஒரே ஒரு கட்டு கிடைத்தது, அதன்பிறகு அந்தப் பூ கிடைக்கவே இல்லை. முதல் நைட்டியைத் தம்பி மனைவிக்குக் கொடுத்து உடுத்திவரச் சொன்னேன். கூடியிருந்த பெண்களுக்கு நடுவில் மடிப்பைத் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். என் தம்பி ஒன்றை வாங்கி உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தான்.

"எக்கா, மூளைனா இதுல்லா மூள" என்றான். நான் மகிழ்ந்துபோனேன்.

அவன் அதைத் தையல் தையலாகப் பிரித்து, அச்சு எடுத்து, ஓர் ஏஜெண்டைப் பிடித்துத் தன் பெயரில் பதிவு செய்ததை அந்தக் கமிஷனர் வாசித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அதற்குள் நான் அந்த மாடலைக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தேன். அவன் அதற்காகத்தான் காத்திருந்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் வக்கீலைப் பிடித்தோம். என்னைவிட வயதில் சின்னவர். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிட்டார். நெற்றியில் கட்டோடு நானும் கையில் கட்டோடு என் வீட்டுக்காரரும் போய் உட்கார்ந்ததைப் பார்த்து, "புருசன் பொண்டாட்டி சண்டையா? கேஸ் போட்டவரு யாரு, நீங்களா அவரா?" என்று கேட்டார். முதல் கேள்வியிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இரண்டாவது கேள்வியில் பிடிக்காமல் போயிற்று. "நீங்க பதிஞ்சீங்களாக்கா?"

"தைச்சது நான். நான் எதுக்குப் பதியணும்? பெத்தவ போய் எம்பிள்ளதான்னு எழுதிக் குடுக்கணுமா?"

"பெத்தவளும் பர்த் சர்டிபிகேட் வாங்கத்தான செய்யுறா" என்றார் வக்கீல்.

அவர் என் நைட்டி ஒன்றை மேஜைமேல் விரித்தார். கழுத்துப் பட்டியில் இருந்த லேபிளைத் தொட்டார். "இந்தப் பேரு டிரேட்மார்க். பதிஞ்சா வலு. பதியாட்டாலும் இத்தன வருசம் வித்திருக்கீங்க, அதுக்கு ஒரு மரியாதை உண்டு. இந்த மல்லிகை மொட்டுப் படம் யாரு வரஞ்சது?"

"எம்மக."

"அப்ப காப்பிரைட் அவளுக்கு. வரஞ்சு முடிச்ச நிமிசமே வந்துருச்சு. யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்." பிறகு மடிப்பின் மேல் விரலை ஓட்டினார். "வெளிய தெரியுற இந்த அமைப்பு இருக்குல்லா, இது டிசைன். தூக்குனா தொறக்குது, விட்டா மூடுது, அந்த வித்தைக்கு பேட்டண்ட் கேட்டுப் பாத்திருக்கலாம். ஆனா இந்த ரெண்டும் பதிஞ்சாத்தான் உண்டு. அதுவும் ஊருக்குக் காட்டுறதுக்கு முந்தி."

"எம்மக சும்மா கிறுக்குன படத்துக்கு உரிமை தன்னால வரும். நான் வருசக்கணக்கா மண்டைய ஒடச்சுக்கிட்டதுக்கு வராதா? இது என்ன சட்டம்?"

"சட்டம் அப்படித்தான்கா இருக்கு."

"நான் யார்ட்டயும் காட்டாம ரகசியமா வச்சிருந்தா?"

"வியாபார ரகசியம்னு ஒண்ணு உண்டு. மசாலாப் பக்குவம் மாதிரி, வெளிய சொல்லாத வரைக்கும்தான் அது நிக்கும். மேல போட்டுட்டு நடக்குற துணியில எங்க இருந்து ரகசியம் வரும்?"

எதிர்க் கடையில் பால்கோவா வாங்கக் கூட்டம் நின்றது. எரிச்சலில் நான் அதைக் காட்டி, அதற்கு மட்டும் எப்படி உரிமை வந்தது என்று கேட்டேன். "அது புவிசார் குறியீடு. ஒரு ஆளுக்கு இல்ல, ஊருக்கு. இங்க முறையாச் செய்யுறவங்க எல்லாருக்கும்" என்றார். ஊர் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம், என் மடிப்பு எனக்கு வேண்டும் என்று நான் மேஜையைத் தட்டியதில் அவருடைய டீ கொட்டியது.

அதைத் துடைத்துக்கொண்டேதான் அவர் அடுத்ததைச் சொன்னார். அவனுடைய பதிவை உடைக்க ஒரே வழி, அவன் பதிவதற்கு முன்பே அந்த டிசைன் வெளியே வந்துவிட்டது என்று காட்டுவது. புதிதாக இல்லாததைப் பதிந்தால் செல்லாது. தொட்டில் விசேஷத்தில் எடுத்த வீடியோ என்னிடம் இருந்தது. அதில் நீலப் பூ நைட்டி தெரிகிறது. மடிப்பு மட்டும் தெரியவில்லை. அந்தத் துணியில் தைத்த ஒரு நைட்டி நேரில் கிடைத்தால் வீடியோவோடு சேர்த்துவைத்துவிடலாம் என்றார்.

"கெடைக்கும். ஊரெல்லாம் குடுத்திருக்கேன்லா" என்றேன்.

"ஒண்ணு யோசிச்சுக்கோங்க அக்கா. ஏற்கெனவே வெளிய வந்துட்டுன்னு நிரூபிச்சா, அவருக்கும் கிடையாது, ஒங்களுக்கும் கிடையாது. என்னைக்கும் கிடையாது. நீங்க தாம்பாளத்துல வச்சுக் குடுத்த அன்னைக்கே அது போயிருச்சு."

என் வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யூனிட் பூட்டிக் கிடந்தது. தைக்கிற பெண்கள் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். தம்பி ஏற்கெனவே ஆள் விட்டிருந்தான்: மாடல் அவனுடையது என்று ஒப்புக்கொண்டால் அவனுக்கே தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்ளலாமாம். என் மடிப்பை நானே கூலிக்குத் தைக்க வேண்டும். "எனக்கு இல்லாமப் போனாலும் போகட்டும். அவனுக்கு இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

நைட்டி தேடிப் போன இடத்திலெல்லாம் அவன் எனக்கு முன்னால் போய்விட்டு வந்திருந்தான். பழைய நீலப் பூ நைட்டியைக் கொடுத்தால் புதுசு இரண்டு தருகிறேன் என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கியிருக்கிறான். எந்தப் பெண் வேண்டாம் என்பாள்? வன்னியம்பட்டியில் என் அத்தை, புது நைட்டியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "கிழிஞ்ச துணியக் குடுத்துப் புதுசு வாங்குனா ஒனக்கென்னட்டி வயித்தெரிச்சல்?" என்றாள். என் வீட்டுக்காரரின் கையைப் பற்றிச் சொன்னேன். "அக்கா தம்பி சண்டையில அந்த மனுசன் ஏன் நடுவுல போய்க் கைய விட்டாரு?" என்றாள். நான் அவள் தலைமுடியைப் பிடித்தேன், அவள் என் தலைமுடியைப் பிடித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பிரித்தபோது என் நெற்றித் தையல் விட்டுப்போயிருந்தது. சுந்தரபாண்டியத்தில் ஒருத்தி ஒரு நைட்டியைக் கிழித்துக் கரித்துணியாக்கி, அந்தக் கரித்துணியையும் கொடுத்துப் புது நைட்டி வாங்கியிருந்தாள்.

மிச்சம் இருந்தது ஒருத்தி. அவனுடைய மனைவி. அவளுக்குப் போன் செய்ய எனக்கு நா கூசியது. புருஷனுக்கு எதிராகச் சாட்சி கொடு என்று ஒரு கைப்பிள்ளைக்காரியிடம் எப்படிக் கேட்பது? கேட்கத்தான் செய்தேன்.

"இருக்கு மதினி" என்றாள், சத்தமே வராத குரலில். "அவிய எல்லாத்தையும் எரிச்சுட்டாவ. என் நைட்டிய நான் அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். அண்ணன் கைய நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு."

அவளை ஒரு வாரம் பொறுத்திருக்கச் சொன்னேன். வாய்தா அன்று என் வீட்டுக்காரரின் தங்கை போய் வாங்கி வருவதாக ஏற்பாடு. ஆனால் அது நடக்கவில்லை. வாய்தாவுக்கு முந்தின நாள் அவன் அவளுடைய போனை எடுத்துப் பார்த்து என் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டான். நைட்டியை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டு, குழந்தை மடியில் இருக்கும்போதே கன்னத்தில் அறைந்திருக்கிறான். அவள் சொல்லவில்லை. மறுநாள் காலை அவன் குளிக்கப் போன நேரத்தில் அவள் அரிசிப் பானையிலிருந்து நைட்டியை எடுத்து மேலே போட்டுக்கொண்டாள். கையில் எடுத்துப்போனால் பிடுங்கிவிடுவான், உடம்பில் இருந்தால் பிடுங்க முடியாது என்று நினைத்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னாள்.

பிடுங்கத்தான் பார்த்தான். வாசலில் மடக்கி, தோளைப் பிடித்துக் கிழித்திருக்கிறான். முகத்தில் குத்தியிருக்கிறான். அவள் அடுப்படிக்குள் ஓடி, பிள்ளையைக் குளிப்பாட்ட வைத்திருந்த வெந்நீரைச் சட்டியோடு தூக்கி அவன் கழுத்தில் ஊற்றிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வளாகத்தில் அவள் ஆட்டோவிலிருந்து இறங்கியதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். நைட்டி மேல் ஒரு துண்டு. இடுப்பில் பிள்ளை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்து ரத்தம் நீலப் பூவெல்லாம் சொட்டியிருந்தது. தோளில் தையல் விட்டுத் தொங்கியது. மடிப்பு மட்டும் அப்படியே இருந்தது. பிள்ளை அழ, அவள் வராந்தாப் படியில் உட்கார்ந்து, அத்தனை வக்கீல்களுக்கும் நடுவில் மடிப்பை விரலால் தூக்கிப் பால் கொடுக்கத் தொடங்கினாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கு அடிவயிற்றிலிருந்து பெருமை பொங்கியது. அந்த நேரத்தில் அப்படிப் பெருமைப்பட்டதற்கு நான் வெட்கப்படவும் இல்லை.

பிள்ளை குடித்து முடிப்பதற்குள் அவன் பைக்கில் வந்துவிட்டான். கழுத்தெல்லாம் சிவந்து கொப்பளித்திருந்தது. நேராகப் படிக்கு வந்து அவள் கழுத்துப் பட்டியைப் பிடித்தான்.

"ஏலே, கைய எடு!" என்று நான் செருப்பைக் கழற்றினேன். முதல் அடி வாயில் விழுந்தது. இரண்டாவது வெந்த கழுத்தில் விழ, அவன் துடித்துக்கொண்டு என் வயிற்றில் உதைத்தான். நான் படியில் உருண்டேன். அடுத்த உதை எனக்கு விழவில்லை. சண்டையே வராத என் வீட்டுக்காரர், கட்டுப் போட்ட கையாலும் நல்ல கையாலும் அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தூணில் மோதினார். மறுபடி மோதினார். போலீஸ் வந்து பிரிக்கிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் மோதிக்கொண்டே இருந்தார். அவருடைய கட்டுத் துணியில் புது ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

வக்கீல் அந்த நைட்டியையும் வீடியோவையும் வைத்து எதிர்வாதம் போட்டார். பதிவே செல்லாது என்று நாங்கள் சொல்லிவிட்டால் அந்தக் கோர்ட்டில் கேஸ் நிற்காதாம், ஹைகோர்ட்டுக்குப் போய்விடும். மதுரைக்கு அலைந்தோம். அதற்கிடையில் பழைய மாடல்களை வைத்து யூனிட்டை மறுபடி திறந்தோம். மனைவியை அடித்ததற்கு அவன் மேல் தனியாக ஒரு கேஸ். கோர்ட்டு வாசலில் அடித்ததற்கு எங்கள் மேல் ஒன்று. அவள் அவனிடம் திரும்பிப் போகவில்லை. பிறந்த வீட்டிலும் சேர்க்கவில்லை. எங்கள் வீட்டுக் கீழ் அறையில் பிள்ளையோடு இருந்தாள். சும்மா உட்கார மாட்டேன் என்று தையல் பழகினாள். கை வேகம் வந்தது. வாய் பேச்சு மட்டும் அவளுக்கு வரவில்லை. அவன் குத்தியதில் உடைந்த தாடை எலும்பு சரியாகக் கூடாததால் சாப்பிடவும் சிரமப்பட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் வக்கீல் போன் செய்தார். தடை நீங்கிவிட்டது, அவனுடைய பதிவு செல்லாது என்று தீர்ப்பு. தைக்கிற பெண்கள் விசில் அடித்தார்கள். என் வீட்டுக்காரர் கட்டிங் மெஷினைத் தட்டிக்கொடுத்தார். நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டேன்:

"அப்ப அவன் இனிமே தைக்க முடியாதுல்லா?"

"தைக்கலாம்கா. ஒங்க பேரையும் மொட்டுப் படத்தையும் போடக் கூடாது, அம்புட்டுத்தான். மடிப்பு யாருக்கும் சொந்தமில்ல. யாரு வேணும்னாலும் தைக்கலாம். நான் மொதல்லயே சொன்னேன்லா."

சொன்னார்தான். ஆனால் அதுவரைக்கும் அது எனக்குள் இறங்கவில்லை. மெஷின்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் விரல் போன அன்று நான் அழவில்லை. வயிற்றில் உதை வாங்கிய அன்றும் அழவில்லை. அன்றைக்கு எல்லாப் பெண்களும் பார்க்க, மூக்கு ஒழுக அழுதேன். என் வாழ்க்கையில் நான் சொந்தமாக யோசித்துக் கண்டுபிடித்தது அந்த ஒன்றுதான். அது என்னுடையது இல்லை என்பதை நிரூபிக்க நானே ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து கீழே போய்விட்டார்கள். அவரும் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை.

தம்பி மனைவி மட்டும் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் அழுது முடிக்கும் வரை துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, கூடாத தாடையோடு மெதுவாகக் கேட்டாள்:

"யாரு வேணும்னாலும்னா, நானும் தைக்கலாமா மதினி? தனியா, எம் பேர்ல? பிள்ளைய வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு ஒங்க வீட்டுலயே இருக்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் சோற்றைத் தின்றுகொண்டு, என் மெஷினில் பழகி, என் மடிப்பை என்னிடமே கேட்கிறாள். அறைய வேண்டும் என்றுதான் எழுந்தேன். கை ஓங்கியும்விட்டது. அவள் தடுக்கக் கையைத் தூக்கவில்லை. அடி வாங்கிப் பழகியவள் எப்படிக் கண்ணை மூடுவாளோ அப்படி மூடிக்கொண்டாள்.

அந்த மூடிய கண்களைப் பார்த்ததும் என் கை தானாக இறங்கியது. பக்கத்து மேஜையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"என்ட்ட ஏன்ட்டி கேக்க?" என்றேன். "யார்ட்டயும் கேக்காத. மொத வெட்டுல தைச்சத மட்டும் எவளுக்கும் தாம்பாளத்துல வச்சுக் குடுக்காத."